கிரேக்க ஊர்ச் சமையலும் ஊர் ஒயினும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரீஸுக்குச் சுற்றுலா கிளம்புகிறவர்களும், இருக்கும் ஊரில் ஒரு கிரேக்க உணவகம் திறந்துவிட்டது, அங்கே என்ன சாப்பிடலாம் என்று விசாரிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். அங்கே சொல்ல வேண்டியதும் அவ்வளவு இருக்கிறது.

கிரேக்கச் சாப்பாடு என்றால் முசாக்கா, ரொட்டியில் சுருட்டிய இறைச்சியான யீரோஸ், ஃபெட்டா என்ற பாலாடைக்கட்டி போட்ட சாலட். அவ்வளவுதானே?

இவை மூன்றும் நாடு முழுக்கக் கிடைக்கும். அதனாலேயே இவற்றைச் சாப்பிட்டு நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. கிரீஸின் பெரும்பகுதி மலை, கடலில் ஏராளமான தீவுகள். மலைக்கு மேலே ஆட்டு மந்தையும் வெண்ணெயும், கீழே கடலோரத்தில் ஆலிவும் மீனும். வரலாறும் இடத்துக்கு இடம் வேறு. கோர்ஃபு தீவு 1386 முதல் 1797 வரை வெனிஸ்காரர்களிடம் இருந்தது, அதனால் அங்கே பட்டையும் தக்காளியும் போட்ட இறைச்சிக் குழம்பைத் தடிமனான பாஸ்தாவோடு கலந்து பஸ்திட்சாடா என்று வைப்பார்கள். தெசலோனிகி 1912 வரை உதுமானியர் ஆட்சியில் இருந்த நகரம், அங்கே சீரக வாசனை வரும். இரண்டும் ஒரே நாட்டுச் சாப்பாடுதான், ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஆகவே எந்த ஊரில் போய் உட்கார்ந்தாலும் "இந்தப் பக்கத்தில் மட்டும் கிடைப்பது என்ன?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வி பதில் முழுவதிலும் நான் சொல்ல வருவது அதுதான்.

முசாக்கா பழங்காலத்து உணவில்லையா?

கத்தரிக்காயையும் கொத்துக்கறியையும் சேர்த்துச் சமைப்பது கிழக்கு மத்தியதரைக் கடல் ஓரத்தில் பழசுதான். ஆனால் மேலே விரல் கனத்துக்கு வெள்ளைச் சாஸ் ஊற்றி அடுப்பில் பொன்னிறமாகச் சுட்டெடுக்கும் இப்போதைய முசாக்காவுக்கு வயது சுமார் நூறுதான். நிக்கோலாவ்ஸ் செலெமென்டேஸ் என்ற சமையல் வல்லுநர் 1920களில் எழுதிய சமையல் புத்தகத்தால் அது வீடு வீடாகப் பரவியது. பிரெஞ்சு முறைச் சமையலைப் படித்தவர் அவர். கிரேக்கச் சமையலில் துருக்கி வாடை இருக்கக் கூடாது என்று நினைத்து வெண்ணெய், பால், மாவு எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்தார். அந்தப் புத்தகம் எவ்வளவு பரவியது என்றால், கிரேக்கர்கள் எந்தச் சமையல் புத்தகத்தையுமே "செலெமென்டேஸ்" என்று சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. முசாக்கா நன்றாகச் செய்தால் அருமையான சாப்பாடு, குறை சொல்லவில்லை. பழமை என்று நினைத்து அதைத் தேடிப் போக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். பழமை வேண்டுமென்றால் அவருடைய குடும்பத்தின் சொந்தத் தீவான சிஃப்னோஸுக்கே போகலாம்.

சிஃப்னோஸில் அப்படி என்ன?

கொண்டைக்கடலை. ரெவித்தாடா என்று பெயர். சனிக்கிழமை சாயங்காலம் ஊறவைத்த கொண்டைக்கடலை, நிறைய வெங்காயம், தாராளமாக ஆலிவ் எண்ணெய், பிரிஞ்சி இலை, தண்ணீர், உப்பு இவ்வளவையும் மூடி போட்ட மண்சட்டியில் வைத்து விறகடுப்பில் ஏற்றிவிடுவார்கள். பல வீட்டுச் சட்டிகள் ஊர் ரொட்டி அடுப்புக்கே போகும். இரவெல்லாம் அடங்கிய சூட்டில் மெதுவாக வேகும், யாரும் கிளறுவதில்லை. ஞாயிறு காலை தேவாலயம் முடிந்து வருகிறவர்கள் சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். மூடியைத் திறந்தால் வெங்காயம் கரைந்து காணாமல் போயிருக்கும், கடலை முழுசாக இருக்கும், ஆனால் நாக்கால் அழுத்தினாலே மசியும். மேல் பரப்பு மட்டும் லேசாகச் சிவந்திருக்கும். எலுமிச்சம்பழம் பிழிந்து ரொட்டியோடு சாப்பிட வேண்டியதுதான். மசாலா எதுவும் கிடையாது, முதல் வாய்க்கு நமக்குக் கொஞ்சம் சப்பென்று தோன்றலாம், இரண்டாவது வாயில் கடலையின் ருசி தெரிய ஆரம்பிக்கும்.

இது சிஃப்னோஸில் வளர்ந்ததற்குக் காரணம் அங்கே நல்ல களிமண் இருப்பது, தலைமுறை தலைமுறையாகக் குயவர்கள் இருப்பது. ஈஸ்டருக்கு அதே ஊரில் ஆட்டிறைச்சியை ஒயினும் சதகுப்பைத் தழையும் போட்டு இன்னொரு வகை மண்சட்டியில் சமைப்பார்கள். அடியில் திராட்சைக் குச்சிகளை அடுக்கி அதன்மேல் கறியை வைப்பது வழக்கம். அந்தச் சட்டியின் பெயர்தான் உணவுக்கும், மாஸ்டெலோ.

நான் சைவம். அங்கே பட்டினிதானா?

இல்லவே இல்லை. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மரபில் விரத நாட்கள் வருடத்தில் ஏறக்குறைய பாதி. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய விரதம், கிறிஸ்துமஸுக்கு முன் நாற்பது நாள், ஆகஸ்ட் முதல் இரண்டு வாரம், அப்புறம் பெரும்பாலான புதன், வெள்ளி. இந்த நாட்களில் இறைச்சி, முட்டை, பால், பாலாடைக்கட்டி கிடையாது. இன்று எல்லோரும் முழுசாகக் கடைப்பிடிப்பதில்லை என்றாலும் பல நூற்றாண்டு விரதம் ஒரு பெரிய காய்கறிச் சமையலையே உருவாக்கிவிட்டுப் போயிருக்கிறது. லாதெரா என்று ஒரு வகை முழுக்க ஆலிவ் எண்ணெயில் காய்களை மெதுவாக வேகவைப்பது: பீன்ஸ், வெண்டைக்காய், கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, தக்காளி. வெள்ளை பீன்ஸ் சூப்பான ஃபசோலாடாவைப் பலர் தேசிய உணவு என்றே சொல்வார்கள். வடக்கே பிரெஸ்பா ஏரிப் பக்கம் விளையும் கட்டைவிரல் அளவு வெள்ளை பீன்ஸைத் தக்காளியில் போட்டு அடுப்பில் சுடுவார்கள், அதைக் கண்டால் விடாதீர்கள்.

கீரை விஷயத்தில் நமக்கு அந்த நாடு சொந்த வீடுதான். மலையில் பறிக்கும் காட்டுக்கீரை எல்லாவற்றுக்கும் ஹோர்த்தா என்று பெயர். கோடையில் கிடைக்கும் வ்லீத்தா நம் தண்டுக்கீரை, குப்பைக்கீரை இனம். வேகவைத்து எண்ணெயும் எலுமிச்சையும் விட்டுத் தருவார்கள். பருப்புக்கீரையைப் பச்சையாக சாலட்டில் போடுவார்கள்.

கவனிக்க வேண்டியது மூன்று. விரத உணவில் இறால், கணவாய், ஆக்டோபஸ் எல்லாம் உண்டு, அதனால் "விரதச் சாப்பாடு" என்று கேட்டு வாங்கினால் கணவாய் வந்து நிற்கலாம். அரிசி அடைத்த தக்காளி, குடைமிளகாய், திராட்சை இலைச் சுருள் இவற்றில் கறி போட்டதும் போடாததும் இரண்டும் உண்டு, கேட்டு வாங்குங்கள். கடைசியாக, மரபு முறைப் பாலாடைக்கட்டிகளில் பாலை உறைய வைக்கக் கன்று, ஆட்டுக்குட்டி இவற்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைச் சேர்ப்பது வழக்கம். கண்டிப்பான சைவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

கடையில் விற்கும் எல்லா ஃபெட்டாவும் ஃபெட்டாதானா?

ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி இல்லை. 2002இல் ஃபெட்டாவுக்குப் புவிசார் குறியீடு போன்ற பாதுகாப்பு கிடைத்தது. டென்மார்க்கும் ஜெர்மனியும் எதிர்த்து வழக்காடின, 2005இல் ஐரோப்பிய நீதிமன்றம் கிரீஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. செம்மறியாட்டுப் பால் குறைந்தது 70 சதவீதம், மீதி வெள்ளாட்டுப் பால், உப்புத் தண்ணீரில் சேர்த்து இரண்டு மாதமாவது பழுக்க வேண்டும். பசும்பாலில் செய்தது மென்மையாக, ஒரே மாதிரி வெள்ளையாக, புளிப்புக் குறைவாக இருக்கும். ஆட்டுப்பால் ஃபெட்டாவில் ஒரு காரல் உண்டு, உடைத்தால் ஏடு ஏடாக உடையும். கிரீஸிலும் எல்லா இடத்திலும் ஃபெட்டா செய்ய முடியாது. பெருநிலப்பகுதியும் லெஸ்போஸும்தான் அனுமதி பெற்றவை. கிரீட், நக்சோஸ் போன்ற தீவுகளுக்கு வேறு பாலாடைக்கட்டிகள் உண்டு, அங்கே போய் ஃபெட்டா கேட்காமல் கிராவியேரா கேளுங்கள்.

சான்டோரினி ஒயினை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்? விளம்பரமா?

புகழ் முழுக்கத் தகும். சுமார் 3,600 வருடம் முன்பு வெடித்த எரிமலையின் மிச்சம்தான் அந்தத் தீவு. மண் என்று எதுவும் இல்லை, சாம்பலும் நுரைக்கல்லும்தான். கோடையில் மழையே கிடையாது, காற்று மணலை வாரி அடிக்கும். பந்தல் போட்டுக் கொடி ஏற்றினால் தாங்குவது கடினம். அதனால் அங்குள்ளவர்கள் கொடியைத் தரையிலேயே வட்ட வட்டமாகச் சுற்றி ஒரு கூடை போலப் பின்னிவிடுகிறார்கள். கூலூரா என்று பெயர். காய்க்கும் குலைகள் கூடைக்கு உள்ளே, காற்றும் வெயிலும் நேராகப் படாமல் இருக்கும். இரவில் கடலிலிருந்து வரும் ஈரத்தை நுரைக்கல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், செடிக்கு அதுதான் தண்ணீர். பல பத்தாண்டு கழித்துக் கூடை கிழடாகிக் காய்ப்புக் குறைந்ததும் மேல்பகுதியை வெட்டிவிடுவார்கள், அடி வேரிலிருந்து புதுத் தளிர் வரும், மறுபடி பின்ன ஆரம்பிப்பார்கள். இப்படித் தொடர்வதால் மண்ணுக்குள் இருக்கும் வேரின் வயது நூற்றாண்டுக் கணக்கில் போகும்.

இன்னொன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ஐரோப்பியத் தோட்டங்களையெல்லாம் அழித்த ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி இந்தச் சாம்பல் மண்ணில் வாழாது. பெரும்பாலான மற்ற இடங்களில் அமெரிக்க வேரில் ஒட்டுப்போட்டுத்தான் திராட்சை வளர்க்கிறார்கள், இங்கே சொந்த வேர்.

திராட்சையின் பெயர் அசிர்டிகோ. வெள்ளை ஒயின். அவ்வளவு வெயிலிலும் புளிப்பை விடாமல் வைத்திருப்பதுதான் அதன் அதிசயம். பழ வாசனையை எதிர்பார்த்துக் குடித்தால் ஏமாற்றமாக இருக்கும். எலுமிச்சைத் தோல், கல், உப்பு இப்படித்தான் வரும். பொரித்த மீனுக்கும் சுட்ட ஆக்டோபஸுக்கும் இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. விளைச்சல் மிகக் குறைவு, அதனால் விலை கூடுதல். விடுதி கட்டக் கேட்கிறவர்களின் விலைக்கு முன்னால் திராட்சைத் தோட்டம் எத்தனை நாள் நிற்கும் என்பதை நினைத்தால் கவலையாக இருக்கிறது. போகிறவர்கள் சூரிய அஸ்தமனம் பார்ப்பதோடு ஒரு தோட்டத்துக்கும் போய் பாட்டில் வாங்கி வாருங்கள், அது நேராக அந்தக் கொடிகளைக் காப்பாற்றும் காசு.

அதே தீவின் "ஃபாவா" என்பது என்ன?

பருப்புக் கடைசல் மாதிரிதான். ஆனால் நம்முடைய எந்தப் பருப்பும் அல்ல. நம் ஊர்ப் பக்கம் கேசரிப் பருப்பு என்போமே, அந்தச் செடியின் நெருங்கிய உறவு. அந்தத் தீவின் பழைய ஊரான அக்ரோத்திரியில் நடந்த அகழாய்வில் எரிமலைச் சாம்பலுக்கு அடியில் இதே பருப்பு கிடைத்திருக்கிறது, ஆகவே அந்தத் தீவில் இது வெடிப்புக்கும் முந்தைய பயிர். குழைய வேகவைத்து, கடைந்து, மேலே பச்சை வெங்காயமும் உப்பில் ஊறிய கேப்பர் மொட்டும் போட்டு ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள். வீட்டில் செய்ய பட்டாணிப் பருப்பு போதும், கிரீஸிலேயே பல கடைகளில் அதில்தான் செய்கிறார்கள். மஞ்சள் தூள் போடாதீர்கள், தாளிக்காதீர்கள். ஒரு வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, பருப்போடு வேகவிட்டு, ஆறுகிறபோது கெட்டிப்படும் என்பதால் கொஞ்சம் தளர்வாகவே இறக்குங்கள்.

கிரீட் தீவில் எதைத் தவறவிடக் கூடாது?

முதலில் டாகோஸ். கல் மாதிரி காய்ந்த பார்லி ரொட்டியைத் தண்ணீர் தெளித்து, துருவிய தக்காளி, மிசித்ரா என்ற பாலாடைக்கட்டி, ஓரிகானோ, எண்ணெய். தக்காளிச் சாறு ரொட்டிக்குள் இறங்கப் பத்து நிமிடம் விட வேண்டும், அவசரப்பட்டால் பல்லுக்குத்தான் வேலை. கல்யாண வீடுகளில் ஆடும் கோழியும் வெந்த சாற்றில் அரிசியைக் குழைய வேகவைத்து எலுமிச்சை விட்டுப் பரிமாறும் காமோபிலாஃபோ உண்டு. ரோஸ்மேரியும் வினிகரும் போட்டு வதக்கிய நத்தையும் உண்டு, விருப்பப்பட்டவர்கள் சாப்பிடலாம். 1950களின் இறுதியில் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் கிரீட் கிராமத்தார் இடம்பெற்றதால்தான் "மத்தியதரைக்கடல் உணவு முறை" என்ற பேச்சே உலகெங்கும் கிளம்பியது. அன்று அவர்கள் சாப்பிட்டது பெரும்பாலும் கீரை, பயறு, பார்லி, ஆலிவ் எண்ணெய். சுற்றுலாக்காரர்களுக்கு வைக்கும் இறைச்சித் தட்டை வைத்து அதை எடை போடாதீர்கள்.

ஒயினில் வெள்ளைக்கு விடியானோ, சிவப்புக்கு லியாட்டிகோ. சாப்பாடு முடிந்ததும் கேட்காமலே ஒரு சின்னக் குப்பியில் சிக்குடியா வரும். திராட்சையைப் பிழிந்தபின் மிஞ்சும் தோலையும் கொட்டையையும் புளிக்கவைத்து இலையுதிர் காலத்தில் காய்ச்சுவது. அது உபசரிப்பு, பில்லில் வராது.

வடக்கே என்ன வித்தியாசம்?

எபிரஸ் மலைப்பகுதியில் ஆலிவ் எண்ணெயைவிட வெண்ணெய் அதிகம், பிட்டா எனப்படும் அடுக்கு அடைகள்தான் அங்கே வாழ்க்கை. கீரை, பாலாடைக்கட்டி, கோழி, பூசணி எதுவானாலும் மெல்லிய மாவுத் தாள்களுக்கு நடுவே வைத்துச் சுடுவார்கள். இடையர்கள் மந்தையோடு இடம் மாறும்போது எடுத்துப்போக வசதி, கைக்கு எட்டியதெல்லாம் உள்ளே போகும். மாவுத்தாள் தேய்க்க நேரமில்லாத நாளில் மாவைக் கரைத்து மெல்லிசாக ஊற்றி மேலே ஃபெட்டா தூவிச் சுடும் அலெவ்ரோபிட்டா எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. ஓரம் மொறுமொறுவென்று இருக்கும், அந்த ஓரத் துண்டைக் கேட்டு வாங்குங்கள்.

கிரீஸின் மாசிடோனியாப் பகுதியும் தெசலோனிகியும் வேறு கதை. 1922-23இல் நடந்த போரும் மக்கள் பரிமாற்றமுமாகத் துருக்கியிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கர்கள் அகதிகளாக வந்தார்கள். சீரகமும் பூண்டும் போட்ட ஸ்மிர்னா (இன்றைய இஸ்மிர்) கொத்துக்கறி உருண்டை, மசாலா பூசி உலர்த்திய இறைச்சியான பாஸ்துர்மா, கருங்கடல் பக்கத்து வெண்ணெய் மக்காச்சோளக் களி எல்லாம் அவர்கள் கொண்டுவந்தவை. கையில் எதுவும் இல்லாமல் வந்தவர்களின் சமையல் இன்று அந்த நகரத்தின் பெருமை. குங்குமப்பூ கூட கோசானி பக்கத்தில் விளைகிறது.

அங்குள்ள ஒயின், நாவூசா ஊரின் சினோமாவ்ரோ திராட்சையிலிருந்து வரும் சிவப்பு. நிறம் வெளிறியிருக்கும், பார்த்து ஏமாறாதீர்கள், துவர்ப்பும் புளிப்பும் பலமாக இருக்கும், வெயிலில் காய்ந்த தக்காளி வாசனை வரும். பத்து வருடம் வைத்திருந்தால் இன்னும் நன்றாகும். தனியாகக் குடிக்காமல் கொழுப்புள்ள இறைச்சியோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு ஒயின் புதிதாகக் குடிப்பவருக்கு எது?

நெமேயா. பெலொப்பொனிஸ் பகுதி, அயோர்யிட்டிகோ திராட்சை, மென்மையானது. வெள்ளை என்றால் அதே பகுதியில் உயரமான மாண்டினியா சமவெளியின் மோஸ்கோஃபிலேரோ, ரோஜா வாசனை வரும். மலகூசியா என்று எழுதியிருந்தாலும் தைரியமாக வாங்கலாம். கிட்டத்தட்ட அழிந்துபோன திராட்சை அது. 1970களில் பேராசிரியர் லோகோதேதிஸ் சேகரித்து வைத்த கொடிகளை ஒயின் தயாரிப்பாளர் வாங்கேலிஸ் யெரோவாசிலியு வளர்த்து ஒயினாக்கிக் காட்டியதால் இன்று நாடெங்கும் பயிராகிறது.

ரெட்சினா என்ற ஒயினில் ஏன் பைன் மர வாசனை?

பைன் பிசின் சேர்ப்பதால்தான். பழங்காலத்தில் மண்ஜாடிகளின் உள்பக்கத்தையும் வாயையும் பிசினால் பூசி அடைத்தார்கள், அந்த மணம் பழகிவிட்டது. இப்போது ஜாடி இல்லை, புளிக்கும் சாற்றில் கொஞ்சம் பிசினைப் போட்டுப் பின்னர் எடுத்துவிடுகிறார்கள். ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிக்கா பகுதியின் சவாத்தியானோ திராட்சைதான் இதற்கு முக்கியம். சுற்றுலா பெருகிய காலத்தில் மட்டமான ஒயினை மறைக்கப் பிசினை அள்ளிப் போட்டார்கள், அந்தக் கெட்ட பெயர் இன்னும் தீரவில்லை. நல்ல கைகளில் செய்தது வேறு ரகம். பூண்டு மசியலோடு பொரித்த கருவாட்டு மீன் வரும்போது நன்றாகக் குளிரவைத்த ரெட்சினாவைச் சேர்த்துப் பாருங்கள்.

ஊஸோ என்ற சோம்பு வாசனை மதுவில் தண்ணீர் விட்டால் பால் மாதிரி ஆகிறதே?

அனெத்தோல் என்ற மணப்பொருள் காரணம், நம் சோம்பிலும் அது உண்டு. மதுவில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீர் சேர்ந்ததும் நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கிறது. வெறும் வயிற்றில் குடிக்கிற பானம் அல்ல, சின்னச் சின்னத் தட்டுகளோடு மணிக்கணக்கில் உட்காரும் பானம். லெஸ்போஸ் தீவின் ப்ளோமாரி இதற்குப் பெயர்போன ஊர்.

மது வேண்டாம் என்பவர்களுக்கு?

திராட்சைச் சாற்றைக் காய்ச்சிப் பாகாக்கிய பெட்டிமேசி, அறுவடைக் காலத்தில் சாற்றோடு மாவு சேர்த்துக் கிளறும் முஸ்தலெவ்ரியா, மலையில் பறித்த மூலிகைத் தேநீர். கியோஸ் தீவின் தென்பகுதிக் கிராமங்களில் மட்டும் மரத்தைக் கீறி எடுக்கும் மஸ்திகா பிசினையும் தேடுங்கள். கீறுவதற்கு முன் மரத்தடியைச் சுத்தம் செய்து வெள்ளைச் சுண்ணப்பொடி தூவுவார்கள், சொட்டும் பிசின் மண் படாமல் அதன்மேல் விழுந்து இறுகும். அதில் செய்த வெள்ளைப் பாகை ஒரு கரண்டி எடுத்துக் குளிர்ந்த தண்ணீர்க் கிளாஸில் அமிழ்த்திக் கொடுப்பார்கள், நக்கிக்கொண்டே தண்ணீரைக் குடிக்க வேண்டும். யுனெஸ்கோ 2014இல் இந்தத் தொழிலைப் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது.

சங்க இலக்கியத்தில் வரும் யவனர் மது கிரேக்க ஒயின்தானா?

புறநானூறு 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதைப் பாடுகிறார். யவனர் என்ற பெயர் கிரேக்கர், ரோமர் இருவருக்கும் பொது, அதனால் ஒயின் எந்த ஊர்ச் சரக்கு என்று பாட்டை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஆனால் புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் கிடைத்த ஜாடி ஓடுகளில் கோஸ் என்ற கிரேக்கத் தீவின் பாணியில் செய்தவை நிறைய. கோஸ் ஒயினில் கடல்நீர் கலப்பார்கள், நீண்ட பயணத்தில் கெடாமல் இருக்க அது உதவியது. அதே பாணியை இத்தாலியிலும் நகலெடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பாட்டில் லேபிளில் எதைப் பார்ப்பது?

ஊர்ப் பெயரையும் அதோடு பி.டி.ஓ. என்ற பாதுகாப்புக் குறியையும். நாவூசா என்றால் முழுக்க சினோமாவ்ரோ, நெமேயா என்றால் முழுக்க அயோர்யிட்டிகோ என்பது சட்டம். இனிப்பு ஒயின் வேண்டுமென்றால் சாமோஸ் தீவின் மஸ்கட் திராட்சை ஒயின் அல்லது திராட்சையை வெயிலில் காயவைத்துச் செய்யும் சான்டோரினி வின்சாந்தோ.

உணவகத்தில் ஒயினைக் கிலோவில் கேட்கிறார்களே, அது என்ன?

பீப்பாயிலிருந்து ஊற்றும் உள்ளூர் ஒயின். கிலோ, அரைக் கிலோ, கால் கிலோ என்றுதான் சொல்வார்கள், உலோகக் கூஜாவில் வரும். திராட்சை விளையும் கிராமத்தில் பல நேரம் சொந்தக்காரர் வீட்டில் செய்ததாகவே இருக்கும், மிக நன்றாக இருக்கும். நகரத்துச் சுற்றுலாத் தெருவில் அந்த உத்தரவாதம் இல்லை. முதலில் கால் கிலோ வாங்குங்கள், பிடித்தால் இன்னொன்று சொல்லலாம். அப்படியே அடுக்களையில் இன்று என்ன சட்டி ஏறியிருக்கிறது என்றும் கேளுங்கள். பழைய உணவகங்களில் உள்ளே கூப்பிட்டு மூடியைத் திறந்தே காட்டுவார்கள்.